பூட்டிக் கிடந்த வீட்டுக்குக் குழந்தையோடு போகிறீர்களா?

"அடுத்த மாதம் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் எங்கள் வீட்டுக் கல்யாணம். ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீடு. எதைக் கண்டாலும் வாயில் போடும் இரண்டு வயது மகனோடு போகிறேன். விஷப் பொருள்களை நினைத்தால் பயமாக இருக்கிறது. பெரியவர்களிடம் சொன்னால் தவறாக நினைப்பார்களோ?"
- ஒரு வாசகி, சென்னை

அன்புச் சகோதரி,

நினைத்தால் நினைக்கட்டும், சொல்லிவிடுங்கள். வீட்டைத் திறப்பதற்கு முன்பே போனில் சொல்லுங்கள். கல்யாணத்துக்காகச் சுத்தம் செய்யும் நாட்களில்தான் விஷம் வீட்டுக்குள் வருகிறது. தேக்குத் தூணுக்குப் பாலிஷ் போடுபவர் டர்பன்டைனைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, வளவில், அதாவது உள்முற்றத்தில், தூணோரம் வைத்துவிட்டுச் சாப்பிடப் போவார். கழிப்பறை ஆசிட் பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில், வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில் நிற்கும். குழந்தைக்கு இரண்டுமே தண்ணீர்தான். வாங்கிய டப்பாவிலிருந்து எதையும் வேறு பாட்டிலுக்கு மாற்றக் கூடாது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் ஓர் அறையில் வைத்துப் பூட்டிவிடலாம். அந்த வீட்டில் அறைக்கா பஞ்சம்?

அடுத்தது எலி மருந்து. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்டைத் தமிழக அரசு தடை செய்துவிட்டது. ஆனாலும் பழைய டியூப் பரணில் கிடக்கலாம். அதைத் தின்ற குழந்தை முதல் நாள் ஓடி விளையாடும். அதன் பிறகுதான் கல்லீரல் பழுதாகும். நன்றாகத்தானே இருக்கிறான் என்று காத்திருப்பது பெரும் ஆபத்து.

அந்துருண்டை, பூஜைக் கற்பூரம் இரண்டும் கைக்கு எட்டக் கூடாது. கற்பூரம் சிறிதளவே வலிப்பை வரவழைத்துவிடும். கூடமான பட்டாலையில் வரிசையாகப் பாய் விரித்துப் படுக்கும் உறவினர்களின் தலைமாட்டுப் பைகளையும் பாருங்கள். அப்பத்தாவின் சர்க்கரை மாத்திரைகளில் சில, ஒன்றே ஒன்று உள்ளே போனாலும் குழந்தையை மயக்கத்தில் தள்ளும்.

எதையாவது விழுங்கிவிட்டான் என்றால் வாயில் விரல் விடாதீர்கள். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் எதுவும் வேண்டாம். டர்பன்டைனும் மண்ணெண்ணெயும் வாந்தியோடு வரும்போது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஆசிட் தொண்டையை இரண்டாம் முறை சுடும். வாயைத் துடைத்து, 108-ஐ அழையுங்கள். அந்த பாட்டிலையோ மாத்திரை அட்டையையோ கையோடு கொண்டுபோங்கள். டெல்லி எய்ம்ஸில் உள்ள தேசிய விஷத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. இரவில் குழந்தை மருத்துவர் இருக்கும் மருத்துவமனை காரைக்குடியில் எது என்பதைப் போய்ச் சேர்ந்த அன்றே விசாரித்து வையுங்கள்.