தோற்றால் காய்களை எறியும் பையனுக்குக் கதை

ஒன்பது வயதுப் பையன் விளையாட்டில் தோற்றால் காய்களை எறிகிறான், கதை சொன்னால் "என்னைத்தானே சொல்ற" என்று காதைப் பொத்துகிறான் என்று எழுதியிருந்தீர்கள்.

கோபம் கொதிக்கும்போது கதை ஏறாது. படுக்கப் போகும் நேரம்தான் சரி. அவனைப் போலவே ஒரு பையன் வேண்டாம், ஒரு முள்ளம்பன்றி போதும். தோற்றதும் அதன் காது சுடுகிறது, தொண்டை அடைக்கிறது, முட்கள் ஒவ்வொன்றாக எழும்புகின்றன. அங்கே நிறுத்தி, அதற்கு வந்திருப்பது கோபம் என்று நிதானமாகச் சொல்லுங்கள். முகங்களில் தெரியும் உணர்வுக்குப் பெயர் சொல்லும்போதே மூளையில் பயம், கோபம் போன்ற உணர்வுகளோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதி சற்று அடங்குவதை 2007இல் உளவியல் ஆய்வாளர் மேத்யூ லீபர்மன் குழு பெரியவர்களிடம் கண்டது.

அப்புறம், "இப்போ அது என்ன செய்யும்?" என்று கேட்டுக் காத்திருங்கள். "எல்லாரையும் குத்தும்" என்றாலும் திருத்தாதீர்கள், மறுநாள் கதையை அங்கிருந்தே தொடருங்கள். கடைசியில் நீதி மட்டும் தயவுசெய்து வேண்டாம். அவன் காதைப் பொத்துவது அதற்காகத்தான் இருக்கும்.