வன்னியில் வீட்டு வளவில் முட்டைக்கும் இறைச்சிக்கும் சேர்த்து வளர்க்க எந்தக் கோழி இனம் நல்லது?

கேட்டவர் எந்த ஊர் என்று எழுதவில்லை. பத்துப் பதினைந்து கோழி, வீட்டுக்கு முட்டை, இடைக்கிடை ஒரு கறி, மிஞ்சினால் விற்கலாம் என்று எழுதியிருப்பதால், கிளிநொச்சி முல்லைத்தீவுப் பக்கம் அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ காணியோடு இருக்கும் குடும்பம் என்று எடுத்துக்கொள்கிறேன். வேலி முழுதாக அடைத்திருக்காது. கீரி வரும், மரநாய் வரும், பருந்து மேலே வட்டமிடும். வயல் வேலை நாளில் கோழியைப் பார்க்க வீட்டில் ஆள் இருக்காது. எங்கள் வீடும் அப்படித்தான்.

என் பதில் இதுதான்: பேடு ஊர்க்கோழியாக இருக்கட்டும், சேவல் மட்டும் ரோட் ஐலண்ட் ரெட் (முட்டை, இறைச்சி இரண்டுக்கும் வளர்க்கிற சிவப்பு இனம்) வாங்குங்கள். வீட்டில் நிற்கிற ஊர்ப்பேடுகளை விற்றுவிட்டு அந்தக் காசில் ஒரு பெட்டிக் குஞ்சு வாங்கும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து அதை விடுங்கள்.

நான் கால்நடை படித்தவள் இல்லை. ஐந்நூறு ஆயிரம் என்று பண்ணை வைத்திருக்கிறவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது. அவர்கள் கணக்கு வேறு. அளந்து தீனி போட்டுக் கூட்டுக்குள் வைத்து வளர்ப்பவர்களுக்கு லேயர் (முட்டைக்கென்றே உருவாக்கிய கலப்புக்கோழி) தான் இலாபம் என்பதையும் நான் மறுக்கவில்லை. வளவில் திரிகிற கோழியைப் பற்றி மட்டும்தான் சொல்கிறேன்.

இந்த விடயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், போர் முடிந்து மீளக்குடியேறி வந்த காலத்தில் நடந்தது அப்படி. ஒரு நிறுவனம் (பெயர் வேண்டாம்) எங்கள் வீதியில் வீட்டுக்கு வீடு வாழ்வாதார உதவி என்று மண்ணிற லேயர்க் கோழிகளும் ஒரு மூடைத் தீனியும் தந்தது. படம் எடுத்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள். மூடை இருக்கும்வரை முட்டைக்குக் குறைவில்லை. மூடை முடிந்ததும் முட்டையும் குறைந்தது. அந்தக் கோழிகளுக்கு மண்ணைக் கிளறித் தின்னத் தெரியவில்லை, பருந்தின் நிழல் விழுந்தால் பற்றைக்குள் ஓடவும் தெரியவில்லை. அடை கிடக்கும் குணமும் இல்லை. முட்டைக்காகவே தெரிந்தெடுத்து உருவாக்கிய கலப்பில் அந்தக் குணத்தை வேண்டுமென்றே நீக்கிவிடுகிறார்கள். ஒன்றொன்றாகக் குறைந்து கடைசியில் கறியாகி முடிந்தன. பக்கத்து வளவு அக்கா அதற்காகவே தன் ஊர்க்கோழிகளை விற்றிருந்தார். வித்துக்கு ஒரு பேடுகூட அவரிடம் மிஞ்சவில்லை.

எங்கள் வீட்டில் மாமி ஒரு சாம்பல் நிறப் பேட்டை விற்க மறுத்து வைத்திருந்தா. இன்றைக்கு எங்கள் வளவில் நிற்கிற அத்தனையும் அந்தப் பேட்டின் வழி. அதை நான் பெருமையாகவே சொல்வேன்.

சேவல் பிறகுதான் வந்தது. வவுனியாப் பக்கம் கலப்பில்லாமல் வளர்க்கிற ஒரு வீட்டில் நானே போய்ப் பார்த்து எடுத்தேன். உமலுக்குள் (பனையோலைப் பைக்குள்) வைத்துத் தலை மட்டும் வெளியே நீட்டக் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். மாங்குளத்தில் இறங்கி முல்லைத்தீவு பஸ்ஸுக்கு நிற்கும்போது நல்ல வெயில். சொண்டைத் திறந்தபடி இளைத்துக்கொண்டிருந்தது. போத்தல் தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றித் தலைப்பூவை நனைத்து நனைத்து விட்டேன். கோழிக்கு வியர்க்காது; இளைப்பதாலும் பூ, தாடி வழியாகவும்தான் உடற்சூட்டைக் கழிக்கும். அதனால்தான் காலில் சடை இறகு வைத்த பிரம்மா, கொச்சின் போன்ற பாரமான இனங்களைப் படத்தில் பார்த்து ஆசைப்பட வேண்டாம் என்கிறேன். வைகாசி, ஆனியில் கச்சான் காற்று அடிக்கும்போது அவை படுகிற பாடு பாவம். கழுத்தில் இறகில்லாத ஊர்க்கோழி எங்காவது கண்டால் விடாதீர்கள். பார்க்க வடிவில்லைதான், ஆனால் நம் வெயிலுக்கு அதைவிடத் தோதான கோழி இல்லை.

சேவலைப் பார்த்த மாமி, "பிள்ளை, உது பார்க்க நல்ல வடிவாத்தான் கிடக்கு. உதின்ர குஞ்சுகளுக்கு அடை கிடக்கிற குணம் வருமோ எண்டுதான் யோசிக்கிறன்" என்றா. அவ கேட்டதுதான் சரியான கேள்வி. கலப்பில் பிறந்த பேடுகளில் சில ஒழுங்காக அடை கிடந்தன, சில பாதியில் எழும்பிப் போயின. குஞ்சு பொரிக்க 21 நாள் வேண்டும். நடுவில் விட்டால் எல்லாம் கூழ்முட்டை. ஆகவே கலப்புப் பேட்டின் முட்டையையும் ஊர்ப்பேட்டின் கீழேயே வைக்கிறோம். பழைய கடகத்தில் வைக்கல் போட்டு, முட்டையோடு ஒரு இரும்புத்துண்டு, கரி, செத்தல் மிளகாய் வைப்பது மாமியின் வழக்கம். இடி முழக்கத்துக்கு முட்டை பழுதாகாது என்பது அவவின் நம்பிக்கை. நான் மறுப்பதில்லை.

பலன் எப்படி? ஊர்ப்பேடு ஒரு முறைக்குப் பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டுவிட்டு அடை படுத்துவிடும். கலப்புப் பேடு அதற்குப் பிறகும் இட்டுக்கொண்டே போகும், முட்டையும் பெரிது. கலப்புச் சேவல் குஞ்சுகள் ஊர்ச்சேவலைவிடக் கெதியாகச் சதை பிடிக்கும். கறியின் உருசி ஊர்க்கோழியுடையதுதான். ஆடி, ஆவணியில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் வீடு தேடி வந்து வாங்குகிறார்கள்.

ஓஸ்ட்ரலோப் நல்லதில்லையா என்று கேட்பீர்கள். நல்ல இனம். அவுஸ்திரேலியாவில் 1920களில் ஆறு பேடுகள் 365 நாளில் 1857 முட்டை இட்ட பெயர் அதற்கு உண்டு. கலப்பில்லாத சேவல் கிடைத்தால் தாராளமாக விடுங்கள். கடக்நாத் மட்டும் வேண்டாம். இந்திய வீடியோக்களைப் பார்த்து எல்லாரும் அதைக் கேட்கிறார்கள். மத்தியப் பிரதேசத்து ஜாபுவாப் பக்கத்துக் கறுப்பு இறைச்சிக்கோழி அது. விலைக்குப் பெயர்போனது, முட்டையும் குறைவு, அடையும் பெரிதாகக் கிடக்காது.

இன்னொன்று. வான் வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து "ஊர்க்கோழிக் குஞ்சு" என்று விற்கிறவர்களிடம் கவனம். மண்ணிற லேயரில் பெரும்பாலும் பேட்டுக்குஞ்சு மண்ணிறமாகவும் சேவல்குஞ்சு வெளிர்மஞ்சளாகவும் பொரிக்கும், நிறத்தைப் பார்த்தே பிரித்துவிடுவார்கள். பண்ணைக்குத் தேவையில்லாத சேவல்குஞ்சுகள்தான் மலிவாக ஊருக்குள் வருகின்றன. பெட்டி முழுக்க ஒரே வெளிர்மஞ்சளாக இருந்தால் வாங்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கோழிக்கூடு அடிக்கிறேன் என்று கிழமைக் கடன் எடுக்காதீர்கள். கோழி முட்டை இடத் தொடங்க ஐந்தாறு மாதம் ஆகும், கடன்காரர் அடுத்த கிழமையே படலைக்கு வருவார். எங்கள் பக்கத்துப் பெண்கள் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்து, காதில் கிடந்ததையும் அடகு வைத்ததைக் கண்ணால் கண்டவள் நான். 2018 இல் வரட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம் ரூபாய்க்குட்பட்ட நுண்கடன்களை இரத்துச் செய்வதாக அரசாங்கமே அறிவிக்க வேண்டிய அளவுக்கு நிலைமை போனது. பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கொடுத்த கடனில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றப் பெண்கள் அவர் வீட்டு முற்றத்தில் போய் நிற்க வேண்டும் என்ற அந்த முறையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. ஒரே வீதியில் ஒன்றாகச் செத்துப் பிழைத்து வந்த சனங்கள் அதோடு கதை பேச்சு இல்லாமல் போனார்கள். கூட்டுக்குப் பனைமட்டையும் காட்டுத்தடியும் போதும். கடன் வேண்டாம்.

தீனிக்கும் அப்படித்தான். விடியத் திறந்துவிட்டால் பாதி வயிறு வெளியிலேயே நிரம்பும். பின்னேரம் நெல்லுக் குறுணலும் தவிடும் கொடுங்கள். குஞ்சுகளுக்கு, பழைய பானைக்குள் சாணியும் வைக்கலும் அடைத்து நனைத்துப் புற்றடியில் கவிழ்த்து வையுங்கள். விடியப் பார்த்தால் கறையான் ஏறியிருக்கும். முட்டைக்கோது பலமாக இருக்கச் சிப்பியோட்டை இடித்துப் போடலாம்.

ராணிக்கெட் என்ற கோழி நோய்க்கான தடுப்பு மருந்தை மட்டும் தவறவிட வேண்டாம். ஒரு குப்பி நூறு கோழிக்கு மேல் காணும், கரைத்தால் ஓரிரண்டு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். நாலைந்து வீடு சேர்ந்து மிருக வைத்தியரிடம் கேட்டு, ஐஸ் போட்ட போத்தலில் எடுத்துவந்து ஒரே காலையில் போட்டுவிடுங்கள். மாரியில் நுளம்பால் அம்மை வரும், அதற்கும் ஊசி உண்டு.

சேவலைத் தெரிவுசெய்யும்போது கருஞ்சிவப்பு உடல், பச்சை மினுக்கமுள்ள கறுப்பு வால், மஞ்சள் கால், சிவந்த காதுமடல் பாருங்கள். கொண்டுவந்ததும் இரண்டு கிழமை தனியே அடைத்து வைத்து, நோய் இல்லை என்று கண்ட பிறகே மற்றவற்றோடு விடுங்கள். ஒரு சேவலுக்குப் பத்துப் பேடு கணக்கு. அதன் பிள்ளைகளோடேயே அதைத் திரும்பச் சேர விடாமல், இரண்டு வருடத்தில் வேறு வீட்டுச் சேவலோடு மாற்றிக்கொள்ளுங்கள். தைப்பொங்கல் கழிந்து மழை ஓய்ந்ததும் அடை வைத்தால், காலபோக அறுவடை முடிந்த வயலில் சிந்திய நெல்லைப் பொறுக்கியே குஞ்சுகள் வளர்ந்துவிடும். ஆகவே சேவலைக் கார்த்திகைக்கு முன்பே தேடி வையுங்கள்.