கர்ப்ப காலத்தில் திடீரென ஆபத்து வந்தால் குடும்பம் எப்படிச் சமாளிப்பது? உங்கள் அனுபவம் என்ன?

எங்களுக்கு அது வந்தபோது வளைகாப்பு முடிந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. மனைவிக்கு 31 வாரம். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அவள் ஒட்டன்சத்திரம் பக்கம் அம்மா வீட்டில் இருந்தாள்.

வளைகாப்பு போட்டோக்களை இப்போது எடுத்துப் பார்த்தால் எரிச்சலாக வரும். முகம் உப்பியிருக்கிறது, கண் இரண்டும் சின்னதாகிவிட்டிருக்கின்றன. அன்றைக்கு வந்தவர்கள் எல்லாரும் "முகத்துல என்ன களை பாரு" என்றார்கள். நானும்தான் சொன்னேன். கால் வீக்கத்துக்கு "மாசமா இருந்தா வீங்கத்தான் செய்யும்". தலைவலிக்குக் கண் பட்டிருக்கிறது என்று உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார்கள். அப்புறம் வலது பக்க விலாவுக்குக் கீழே இறுக்கிப் பிடிப்பது போல ஒரு வலி. அதற்கு ஓமத் தண்ணீர்.

அன்று புதன்கிழமை, அங்கன்வாடியில் தடுப்பூசி போடும் நாள். கிராம சுகாதார செவிலியர் வந்திருந்தார். ஊரில் அவரை நர்சம்மா என்றுதான் சொல்வார்கள். அத்தை அவரிடம் போய் வாயுவுக்கு ஒரு மாத்திரை கேட்டிருக்கிறார். மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தால் இந்தப் பதிலை நான் எழுதியிருக்க மாட்டேன். அவர் பி.பி. மெஷினை எடுத்துக்கொண்டு அத்தை பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டார். 168/112. கொஞ்ச நேரம் உட்கார வைத்து மறுபடி பார்த்தார். 170/112. "கண்ணு மங்கலா தெரியுதா?" என்று கேட்டிருக்கிறார். "ரெண்டு நாளா டிவில எழுத்து தெரியல" என்றாளாம். அதுவரை அவள் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. நர்சம்மா அங்கே நின்றபடியே 108-க்குப் போன் செய்தார்.

தாலுகா மருத்துவமனையில் சிறுநீரில் பட்டையை நனைத்துப் பார்த்ததும் புரதம் மூன்று பிளஸ், அதாவது ரொம்ப அதிகம். வலிப்பு வராமல் தடுக்க மெக்னீசியம் சல்பேட் போட வேண்டும். நரம்பு வழியாக ஒரு ஊசி, இடுப்பின் இரண்டு பக்கமும் ஆழமாக ஒவ்வொன்று. உடம்பெல்லாம் தீயாக எரிந்தது என்பாள். நரம்பு பிடிக்கக் கையை நீட்டச் சொன்னால் முழங்கை பாதி வரை வளையல். கை வீங்கியதில் ஒன்றுகூடக் கழலவில்லை. உடைத்துத்தான் ஆக வேண்டும் என்றதும் அத்தை அழ ஆரம்பித்துவிட்டார். பிரசவத்துக்கு முன்னால் வளைகாப்பு வளையலை உடைப்பதா? அங்கே பணியில் இருந்த நர்ஸ் அவள் கைமேல் பஞ்சுத் துணியைச் சுற்றிக்கொண்டே சொன்னாராம்: "பிரசவம் பாக்குறவங்களுக்குத்தானம்மா இந்த வளையல குடுப்பீங்க? நான் இப்பவே வாங்கிக்கிட்டேன்னு வெச்சுக்குங்க." அப்புறம் ஒவ்வொன்றாகத் துணிக்குள்ளேயே நசுக்கி எடுத்தார். ஒரு கீறல்கூட விழவில்லை. அந்தச் சத்தம் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது என்கிறார் அத்தை.

எனக்குச் செய்தி வந்தபோது மணி மூன்று. தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் டீக்கு நிறுத்திய கண்டக்டரிடம் சண்டை போட்டேன். விஷயம் தெரிந்ததும் அவர் டிரைவரைப் பாதி டீயோடு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். நான் போய்ச் சேர்வதற்குள் மனைவியை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்றியிருந்தார்கள்.

அங்கே இளம் டாக்டர் ஒருவர் "ஹெல்ப்" என்றார். ஏதோ உதவி கேட்கிறார் என்று நான் விழித்தேன். நோயின் பெயரே அதுதானாம். சிவப்பணு உடையும், ஈரல் பாதிக்கப்படும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும். அந்த விலா வலி வாயு இல்லை, ஈரல். நஞ்சுக்கொடியில் தொடங்கும் கோளாறு என்பதால் குழந்தையை வெளியே எடுப்பதுதான் வைத்தியம். ஆனால் 31 வாரக் குழந்தைக்கு நுரையீரல் தயாராக இருக்காது. அது பக்குவப்பட ஸ்டீராய்டு ஊசி போட்டு, முடிந்தால் ஒரு நாள் தள்ளிப் பார்க்கலாம் என்றார். தட்டணு அப்போது 92,000. மறுநாள் மதியம் 54,000. அதற்குமேல் காத்திருக்கவில்லை.

"தாய் வேணுமா, புள்ள வேணுமான்னு கேட்டாங்களா?" என்று பிறகு எத்தனை உறவினர்கள் கேட்டார்கள் தெரியுமா? சினிமாவில்தான் அப்படிக் கேட்பார்கள். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. தட்டணு குறைவாக இருப்பதால் முதுகில் ஊசி போட முடியாது, முழு மயக்கம் கொடுக்கிறோம் என்று விளக்கிக் கையெழுத்து வாங்கினார்கள். அவ்வளவுதான்.

சமாளித்தது எப்படி என்று கேட்டால், வேலையைப் பிரித்துக்கொண்டோம். திட்டம் போட்டெல்லாம் இல்லை, தானாக அமைந்தது. மச்சினன் கையில் ஒரு கட்டைப்பை. அதில் ஆதார், கர்ப்பிணி அட்டை, எல்லா ஸ்கேனும். பிக்மி எண்ணை, அதாவது கர்ப்பத்தை அரசிடம் பதிந்ததும் கொடுக்கும் எண்ணை, எத்தனை இடத்தில் கேட்பார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவன் அதைத் தன் உள்ளங்கையிலேயே எழுதிவைத்துக்கொண்டான். மாமா வார்டு வாசலை விட்டு நகரவே இல்லை. உள்ளேயிருந்து பேரைச் சொல்லிக் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் நேரம் போய்விடும். போன் எல்லாவற்றையும் என் அக்கா எடுத்தாள், எங்களில் வேறு யாரும் எடுக்கவில்லை. இது பெரிய உதவி. ஒரே கதையை நாற்பது பேருக்குச் சொல்ல யாருக்குத் தெம்பு இருக்கிறது?

ரத்தம் என் பொறுப்பு. தட்டணு நான்கு யூனிட் கேட்டார்கள். நான் புத்திசாலித்தனமாக ஒரு ஐஸ் பெட்டியை இரவல் வாங்கிக்கொண்டு ரத்த வங்கிக்குப் போனேன். அங்கிருந்தவர் சிரித்துவிட்டார். தட்டணுவை ஃப்ரிட்ஜில் வைக்கக்கூடாதாம். அறை வெப்பத்தில், ஆடிக்கொண்டே இருக்கும் ஒரு தட்டில் வைத்திருக்கிறார்கள். அப்படி வைத்தாலும் ஐந்து நாள்தான் தாங்கும். கையில் வாங்கியதும் நேரே வார்டுக்கு ஓட வேண்டும். ஈடாக ரத்தம் கொடுக்கக் கம்பெனியிலிருந்து ஏழு பேர் வேன் பிடித்து வந்தார்கள். இரண்டு பேருக்கு ஹீமோகுளோபின் போதவில்லை, ஒருத்தன் முந்தின ராத்திரி குடித்திருந்தான். மிச்சம் நான்கு பேர் கொடுத்தார்கள். குடித்திருந்தவன் பாவம், எல்லாருக்கும் இட்லி வாங்கிக் கொடுத்துத் தன் கணக்கைத் தீர்த்தான்.

நாங்கள் செய்த பெரிய தப்பு இதற்குப் பிறகுதான். மகள் பிறந்தாள், 1,280 கிராம். பச்சிளம் குழந்தைகள் பிரிவு வேறு கட்டடத்தில். மனைவி விளக்கைக் குறைத்துவைத்த அறையில் கிடந்தாள். நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை அந்த மெக்னீசியம் ஊசி. ஒவ்வொரு தடவையும் முழங்காலைத் தட்டிப் பார்த்து, மூச்சை எண்ணி, சிறுநீர்ப் பையை அளந்த பிறகே போடுவார்கள். அவளிடம் எடையைச் சொன்னால் பிரஷர் ஏறிவிடும் என்று நாங்களாக முடிவு செய்தோம். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. அத்தை, மாமா, நான், யாரைக் கேட்டாலும் ஒரே வாக்கியம்: "பாப்பா நல்லா இருக்கு, நீ தூங்கு."

எல்லாரும் ஒரே மாதிரி சொன்னதில்தான் அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. குழந்தை செத்துவிட்டது என்று முடிவே செய்துவிட்டாள். ஒன்றரை நாள் அப்படியே கிடந்தாள், எங்களிடம் கேட்கவும் இல்லை. தரை துடைக்க வந்த அக்காவிடம்தான் கேட்டிருக்கிறாள். அந்த அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு அடுத்த கட்டடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "பொம்பளப் புள்ள. ஆயிரத்து இருநூத்தி எம்பது கிராமு. மூக்குல குழா வெச்சிருக்காங்க. காலை நல்லா ஒதைக்குது." அதற்குப் பிறகுதான் அவள் தூங்கினாள். சேதி தெரிந்து டாக்டர் எங்களை வராண்டாவில் நிறுத்தித் திட்டினார். திட்டு வாங்க வேண்டிய ஆட்கள்தான். என்னைக் கேட்டால், படுத்திருப்பவளுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். எடை, குழாய் எல்லாவற்றையும். அவள் இன்னமும் இதற்கு எங்களை முழுசாக மன்னிக்கவில்லை.

அன்று மாலையிலிருந்து பால் எடுத்துக் கொடுத்தாள். முதல் தடவை 3 மில்லி. அதைக் கையில் பிடித்துக்கொண்டு நான் இரண்டு கட்டடத்துக்கு நடுவே நடந்தது, தீபாவளிக்கு அகல் விளக்கை அணையாமல் எடுத்துப் போகிற மாதிரி. முதலில் குழாய் வழியாக, பிறகு பாலாடையில். ஆமாம், நம் பாட்டிமார் வைத்திருந்த அதே பாலாடைதான். ஐந்தாம் நாள் மனைவிக்கு மறுபடி 160/104. குழந்தை பிறந்துவிட்டால் ஆபத்து போய்விட்டது என்று நினைத்திருந்தேன், அப்படி இல்லை. பிரசவத்துக்குப் பிறகும் வலிப்பு வரலாம். ஆறு வாரம் மாத்திரை சாப்பிட்டாள். இடையில் நானும் சட்டையைக் கழற்றிவிட்டு மகளை நெஞ்சோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், கங்காரு மாதிரி. குறைமாதக் குழந்தைக்கு விழித்திரையைப் பார்க்க வேண்டும் என்று நான்காவது வாரத்தில் கண் டாக்டரும் வந்து பார்த்தார். 36 நாள் கழித்து 1,760 கிராமில் வீட்டுக்கு வந்தோம்.

அந்த 36 ராத்திரியில் ஒன்றில்தான் கர்ப்பிணி அட்டையை முதல்முறையாக முழுசாகப் படித்தேன். பி.பி. ஒவ்வொரு தடவையும் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது: 110/70. 118/76. 130/86. 138/88. கடைசியாக எழுதியது ஒரு தனியார் ஸ்கேன் சென்டரில், பேர் வேண்டாம். "ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். யாரும் சிறுநீர் டெஸ்ட் சொல்லவில்லை. ஆனால் அட்டை ஒவ்வொரு தடவையும் என் பையில்தானே இருந்தது. நான் ஸ்கேன் படத்தில் மூக்கு யார் மாதிரி என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த குழந்தை என்றால் 12 வாரத்துக்குள் வந்து சொல்லுங்கள், தினம் சின்ன ஆஸ்பிரின் மாத்திரை தொடங்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தச் சீட்டு பீரோவில் இருக்கிறது. அடுத்ததைப் பற்றி இன்னும் பேசவில்லை.

மகளுக்கு இப்போது நான்கு வயது. வீட்டுக்கு வாங்கிய பி.பி. மெஷினை அத்தை தன்னோடு எடுத்துப் போய்விட்டார். அவர் இரண்டாம் வகுப்போடு நின்றவர். ஆனால் பி.பி. 140-க்கு 90 வந்தால் கர்ப்பிணியைச் சும்மா விடக்கூடாது என்று தெரியும். தெருவில் யார் மாசமாக இருந்தாலும் போய்ப் பார்க்கிறார். போன வாரம் போன் செய்தார். மூணாவது வீட்டுப் பெண்ணுக்கு 142/92 காட்டியதாம். காபி குடித்ததால் இருக்கும் என்று அவள் மாமியார் சொல்ல, அத்தை அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து மறுபடி பார்த்திருக்கிறார். 144. "நர்சம்மாவுக்குச் சொல்லிட்டேன் மாப்ள, வந்துட்டு இருக்காங்க" என்றார். அவர் போனில் நர்சம்மா நம்பர்தான் முதலில் இருக்கிறது, அதற்குக் கீழேதான் என் நம்பர்.