கையெழுத்து போட்டாச்சு, செல்லுமா? – கேள்வி பதில்

கேள்வி: சார், அரசு வேலை வாங்கித் தருவதாகச் சொன்னவருக்கு 4 லட்சம் கொடுத்தேன். பத்திரத்தில் எழுதி வாங்கியிருக்கிறேன். வேலை வரவில்லை. வழக்கு போட்டால் பணம் கிடைக்குமா?

பதில்: பத்திரம் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், 23ஆம் பிரிவு: அரசு வேலை வாங்கித் தர ஆயிரம் ரூபாய் பேசுவதை அங்கேயே உதாரணமாகக் காட்டி, செல்லாது என்கிறார்கள். இந்தத் தரகுக்கு அவ்வளவு வயசு! இருவர் மேலும் தப்பு இருந்தால், பணம் யார் கையில் இருக்கிறதோ அங்கேயே கிடக்கட்டும் என்று நீதிமன்றம் பொதுவாக ஒதுங்கிவிடும். விலக்கும் உண்டு. கேட்பவர் மற்றவர் அளவுக்குக் குற்றவாளி இல்லை என்றாலோ, தப்பான நோக்கம் பெரிதாக நிறைவேறும் முன்பே கேட்டாலோ பணத்தைக் கேட்கலாம் என்று சீதாராம் – ராதாபாய் வழக்கில் (1968) உச்ச நீதிமன்றம் சொன்னது.

கேள்வி: அப்போ போலீசில் புகார் கொடுக்கட்டுமா?

பதில்: முதலில் வக்கீலைப் பாருங்கள். லஞ்சம் என்று தெரிந்தே கொடுத்தீர்களா, ஏதோ கட்டணம் என்று ஏமாந்தீர்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் தனிக் குற்றம்.

கேள்வி: பந்தயத்தில் ஜெயித்தேன், நண்பன் தர மறுக்கிறான்.

பதில்: அதே ஒப்பந்தச் சட்டம், 30ஆம் பிரிவு. பந்தயப் பணத்துக்கு வழக்கு நிற்காது. ஆனால் ஒரு வேடிக்கை கேளுங்கள். கெருலால் பாரக் வழக்கில் (1959) இருவர் கூட்டு சேர்ந்து பந்தய வியாபாரம் செய்து நஷ்டப்பட்டார்கள். அந்த நஷ்டத்தில் கூட்டாளி தன் பங்கைத் தர வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். பந்தயம் செல்லாதுதான், அதற்காக அது சட்டவிரோதம் ஆகிவிடாது என்பது வாதம். ஒழுக்கக்கேடான ஒப்பந்தமும் செல்லாது என்கிறதே 23ஆம் பிரிவு, அந்த ‘ஒழுக்கக்கேடு’ பாலியல் சார்ந்ததுதான் என்றும் அதே தீர்ப்பு சுருக்கியது. சூதாட்டத்தையே தடை செய்யும் மாநிலச் சட்டம் குறுக்கே வந்தால் கதை வேறு.

கேள்வி: ஐயா, வரதட்சணையாக 10 பவுன் தருவதாக எழுதிக் கொடுத்துவிட்டோம். தந்தே ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம். 1961 வரதட்சணைத் தடைச் சட்டம், 5ஆம் பிரிவு: அந்தப் பேச்சே செல்லாது. கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளை வீட்டில் வாங்கியிருந்தால், கல்யாணமான 3 மாதத்துக்குள் பெண்ணிடம் ஒப்படைத்தாக வேண்டும். கேட்பது குற்றம், அதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

கேள்வி: வேலையை விட்டால் 2 வருஷம் போட்டி கம்பெனிக்குப் போகக் கூடாதாம்.

பதில்: ஒப்பந்தச் சட்டம், 27ஆம் பிரிவு. வேலையை விட்ட பிறகு அந்தத் தடை செல்லாது, தைரியமாகப் போங்கள். பழைய கம்பெனியின் ரகசியத்தை மட்டும் கையோடு எடுத்துப் போகாதீர்கள்.