பெண் எழுத்தில் ஆராய்ச்சி செய்தால் பிழைப்பு நடக்குமா?

கேள்வி: அக்கா, எனக்குக் கடையம் பக்கம் ஊர். வயது 23. பாளையங்கோட்டையில் எம்.ஏ. தமிழ் முடித்திருக்கிறேன். பெண்கள் எழுதியதைப் பற்றி பிஎச்.டி. செய்ய ஆசை. அப்பா, 'பி.எட். முடிச்சிட்டு டீச்சர் வேலைக்குப் பாரு' என்கிறார். தெரிந்த பேராசிரியர் ஒருவரிடம் கேட்டால், 'பெண்ணியமெல்லாம் எதுக்கும்மா? சங்க இலக்கியத்தில் உவமைன்னு எடு, மூணு வருஷத்துல முடிஞ்சிரும், மாப்பிள்ளை வீட்டுலயும் கேள்வி வராது' என்று சிரிக்கிறார். ஆச்சியும் அம்மாவும் பீடி சுற்றித்தான் என்னைப் படிக்க வைத்தார்கள். இதை நம்பி இறங்கலாமா?
(பெயர் வேண்டாம்)

பதில்: தங்கச்சி, உவமை ஆராய்ச்சி ஒன்றும் கேவலம் இல்லை. ஒழுங்காகச் செய்தால் அதுவும் நல்ல வேலைதான். ஆனால் சீக்கிரம் முடியும் என்பதற்காக ஒரு தலைப்பை எடுத்தால் ஆறே மாதத்தில் அலுத்துவிடும். அந்தப் பேராசிரியர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அவரை வழிகாட்டியாக மட்டும் போட்டுக்கொள்ளாதே.

அம்பையின் கதைகளைப் படித்திருப்பாய். அதே ஆள் சி.எஸ். லட்சுமி என்ற பெயரில் செய்த ஆராய்ச்சியை நம் தமிழ்த் துறைகளில் அவ்வளவாகப் பேசுவதில்லை. 1944ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். தமிழ்நாட்டில் பள்ளியிலும் கல்லூரியிலும் பாடம் நடத்தியிருக்கிறார். டெல்லி ஜே.என்.யூ.வில் பிஎச்.டி. வாங்கினார். எதைப் பற்றி என்று நினைக்கிறாய்? 1956ல் ஹங்கேரியில் புரட்சி தோற்றபோது தப்பி ஓடியவர்களை அமெரிக்கா எப்படி நடத்தியது என்பதைப் பற்றி! தமிழ் இலக்கியத்துக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. தமிழில் எழுதிய பெண்களைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வு நூல் 1984ல்தான் வந்தது. 1988ல் மும்பையில் ஸ்பாரோ என்ற ஆவணக் காப்பகம். பெண்களின் பேச்சு, புகைப்படம், காகிதம் என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்து வைக்கிற இடம் அது. சாகித்ய அகாடமி விருது 2021ல் வந்தபோது அவருக்கு வயது 77.

எதற்குச் சொல்கிறேன் என்றால், வாங்குகிற பட்டம், சம்பளம் தருகிற வேலை, ஆயுசுக்கும் செய்கிற காரியம் மூன்றும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. பி.எட். படித்தால் ஆசை செத்துப்போச்சு என்று நீ அழவும் வேண்டாம். அதே சமயம், பிஎச்.டி. முடித்த அன்றே நிரந்தர வேலை கையில் வரும் என்று அப்பாவிடம் சத்தியம் செய்துவிடாதே. கௌரவ விரிவுரையாளர்களாகவே வருஷக் கணக்கில் காலம் தள்ளுகிறவர்கள் உன் கல்லூரியிலேயே இருப்பார்கள். அப்பா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

இனி ஆராய்ச்சிக்கு வருவோம். பெண்ணிய ஆய்வு என்று வருகிற ஏடுகளில் பலவற்றை எனக்குப் படிக்கவே பிடிக்காது. முதல் இயலில், பெண்கள் முதலில் ஆண்களைப் பார்த்து எழுதினார்கள், அப்புறம் எதிர்த்து எழுதினார்கள், பிறகு தங்களைத் தேடி எழுதினார்கள் என்று அமெரிக்க விமர்சகர் எலைன் ஷோவால்ட்டர் சொன்ன மூன்று கட்டங்கள், அடுத்த இயலில் நாலு கவிதையை எடுத்து அந்த மூன்று பெட்டியில் போடுவது, முடிவுரை. அந்தக் கட்டங்களைச் சொன்ன நூலை ஷோவால்ட்டர் 1977ல் எழுதியபோது எல்லோரும் மறந்துபோன இங்கிலாந்து நாவலாசிரியைகளைத் தோண்டி எடுத்துப் படித்தார். நம் ஆட்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு தோண்டுவதை விட்டுவிட்டார்கள்.

நம் சீமையில் தோண்ட இடமா இல்லை? உன் கடையமே செல்லம்மாள் பிறந்த ஊர். பாரதி 1921ல் போய்ச் சேர்ந்த அடுத்த வருஷமே பாரதி ஆசிரமம் என்று வைத்து அவர் பாடல்களை அச்சுக்குக் கொண்டுவந்தவர் அந்த அம்மாள். அவரைப் பாரதியின் மனைவியாகப் பார்த்த அளவுக்குப் பதிப்பாளராகப் பார்த்தவர்கள் குறைவு. இன்னொன்று, ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத்துக்கே போய் அங்கே வேலை செய்கிறவர்களைப் பார்த்து எழுதிய 'கரிப்பு மணிகள்'. 1986 வரை தூத்துக்குடியும் நம் திருநெல்வேலி ஜில்லாதான். இன்றைக்கு உப்பளத்தில் இருக்கிற பெண்களிடம் அந்த நாவலை வாசித்துக் காட்டினால் என்ன சொல்வார்கள்? நானாக இருந்தால் இதைத்தான் எடுப்பேன்.

எழுதியதோடு நிற்கவும் வேண்டாம். உன் ஆச்சிக்கு ஒப்பாரி தெரியுமா? அம்மையும் அப்பனும் போனபிறகு பிறந்த வீட்டு வாசலில் நின்று அண்ணனையும் மதினியையும் குத்திக் காட்டுகிற பாட்டுகள் அதில் நிறைய வரும். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 1989ல்தான். அதற்கு முன்னால் அந்த வழக்கு இழவு வீட்டில்தான் நடந்தது. ஆனால் நல்ல நாளில் வீட்டுக்குள் ஒப்பாரி பாடச் சொன்னால் ஏச்சு விழும். பட்டாசலில் உட்கார வைத்து போனை நீட்டாதே, வயக்காட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போ. கையில் சொளகும் பீடி இலையும் இருக்கட்டும், கை சும்மா இருந்தால் ஆச்சிமாருக்குப் பாட்டு வராது. பதிவு செய்வது எப்படி என்று கற்றுக்கொள்ள, தூய சவேரியார் கல்லூரியில் இருக்கிற நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தில் போய்க் கேள்.

மாப்பிள்ளை வீட்டுக் கதையை இப்போதே யோசிக்காதே. தலைப்பைக் கேட்டு ஓடுகிறவன் ஓடட்டும்.

பணத்துக்கு வழி ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை. அதற்கான யூ.ஜி.சி. நெட் தேர்வு ஜூன், டிசம்பர் என வருஷத்துக்கு இரண்டு தடவை. ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. வயது வரம்பு 30, பெண்களுக்கு அதில் 5 வருஷம் சலுகை உண்டு, அதனால் உனக்கு அவசரமே இல்லை. நடுவில் கல்யாணம், குழந்தை என்று வந்தாலும் யூ.ஜி.சி.யின் 2022 பிஎச்.டி. விதிப்படி 240 நாள் வரை விடுப்பு எடுக்கலாம்.

அப்பாவிடம் பேசும்போது 37,000 என்பதை முதலில் சொல். தலைப்பை அப்புறம் சொல்லலாம். பி.எட். விண்ணப்பத்தையும் போட்டு வை.