வரவு வைக்காததைப் பேரேட்டில் தேட முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 67. கூட்டுறவு வங்கியில் 34 ஆண்டுகள் காசாளராக இருந்து ஓய்வு பெற்றேன். ஒரு வருடமாக மறதி அதிகரித்துள்ளது. தெரிந்தவர் எதிரில் வந்தாலும் பெயர் சட்டென்று வாய்க்கு வருவதில்லை. சமையலறைக்குப் போய், எதற்கு வந்தோம் என்று நிற்கிறேன். வெளியூரில் இருக்கும் மகன் தொலைபேசியில், "அதான் போன வாரமே சொன்னேனேப்பா" என்று சலித்துக்கொள்கிறான். ஆனால், 1984இல் வங்கியில் நடந்தவை இன்றும் பிசகாமல் நினைவிருக்கின்றன. தொலைக்காட்சியைச் சத்தமாக வைப்பதாக மனைவி குறைபடுகிறாள். 12 ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும், நெஞ்செரிச்சலுக்குத் தினமும் காலையில் ஒரு மாத்திரையும் சாப்பிடுகிறேன். சைவ உணவுதான். என் தாயார் 80 வயதுக்கு மேல் என்னையே யார் என்று கேட்டார். எனக்கும் அது தொடங்கிவிட்டதா?

பதில்: அன்புள்ள ஐயா, பெற்ற தாய் தன்னை யாரென்று கேட்டதை ஒருமுறை அனுபவித்தவர், அதன்பின் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடும்போதெல்லாம் அந்த முகத்தைத்தான் நினைப்பார். அந்தப் பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. எனினும், தங்கள் கடிதத்தைப் படித்த அளவில், தாயாருக்கு வந்த நோயைக் காட்டிலும் எளிதில் சரிசெய்யக்கூடிய காரணங்களே முன்னே தெரிகின்றன.

தங்கள் தொழிலின் மொழியிலேயே சொல்கிறேன். பேரேட்டில் எழுதிய கணக்கு, பக்கத்தைப் புரட்டச் சற்று நேரமானாலும் கிடைத்துவிடும். எழுதப்படாத கணக்கை எத்தனை முறை புரட்டினாலும் காண முடியாது. எதிரில் வந்தவரின் பெயர் அவர் தெருமுனை தாண்டிய பிறகு தானாக நினைவுக்கு வருகிறதென்றால், அது பேரேட்டில் இருக்கிறது, தேடுவதுதான் மெதுவாகியிருக்கிறது என்று பொருள். வயதாக ஆக இது எல்லோருக்கும் நேர்வதே. மருத்துவமனையில் நாங்கள் மூன்று சொற்களைச் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பக் கேட்போம். ஒரு சொல் வராதபோது "அது ஒரு பழம்" என்று குறிப்புக் கொடுத்தால், இயல்பான மறதி உள்ளவர் முகம் மலர்ந்து "கொய்யா!" என்று சொல்லிவிடுவார். அல்சைமர் எனும் மறதிநோய் தொடங்கியவருக்குப் பெரும்பாலும் அந்தக் குறிப்பும் உதவுவதில்லை, ஏனெனில் புதிய செய்தியைப் பதிவு செய்யும் மூளைப் பகுதியே அந்நோயில் முதலில் பழுதடைகிறது. 1984 நினைவிருக்கிறது என்பதை மட்டும் வைத்து நோய் இல்லை என்று முடிவுசெய்துவிட முடியாது என்பதற்கும் இதுவே காரணம்; தங்கள் தாயாரும் தம் இளமைக் கதைகளைத் தெளிவாகச் சொல்லியிருக்கக்கூடும்.

இப்போது மகனின் தொலைபேசிக்கு வருகிறேன். தொலைக்காட்சியைச் சத்தமாக வைக்கிறீர்கள் என்ற ஒரு வரியில்தான் என் கவனம் நின்றது. முதுமையில் மெல்லிய, உயர்ந்த சுருதி ஒலிகளே முதலில் கேட்காமல் போவதால், பேச்சு காதில் விழும், ஆனால் சொல் பிரிந்து புரியாது. அரைகுறையாகக் கேட்டதை ஊகித்து "சரி, சரி" என்று சொல்லிவிடுவோம். அன்றைய செய்தி வரவே வைக்கப்படவில்லை. அடுத்த வாரம் அதை மறதி என்கிறோம். கேட்புக் குறைவைக் கவனிக்காமல் விடுவது பின்னாளில் டிமென்ஷியா எனப்படும் மறதிநோய்களுக்கான அபாயத்தைக் கூட்டும் காரணங்களில் ஒன்று என்பதால், இதை ஒத்திப்போட வேண்டாம். காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டி, முதலில் குரும்பி அடைத்திருக்கிறதா என்று பார்த்து, பிறகு கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது, வைட்டமின் பி12. மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் எடுப்பது, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, சைவ உணவு ஆகிய மூன்றுமே இச்சத்தைக் குறைப்பவை. தங்களிடம் மூன்றும் சேர்ந்திருக்கின்றன. பாதங்களில் மதமதப்போ எரிச்சலோ இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. இரத்தத்தில் இதன் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்று கொள்கிறோம். ஊசியாலோ மாத்திரையாலோ ஈடுசெய்யலாம். தாமதித்தால் நரம்புப் பாதிப்பு முழுமையாக மீளாமல் போகலாம். அதே இரத்தத்தில் தைராய்டு, சோடியம், மூன்று மாதச் சர்க்கரை அளவு ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மினைத் தாங்களாக நிறுத்த வேண்டாம். தூக்கத்துக்கோ, சளிக்கோ, அரிப்புக்கோ மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளும் முதியவர்களின் நினைவை மந்தமாக்கக்கூடியவை. மருத்துவரிடம் போகும்போது அந்த அட்டைகளையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள்.

தாயாரைப் பற்றி: 80 வயதுக்கு மேல் வரும் மறதிநோய், பிள்ளைகளுக்குச் சொத்து இறங்குவதுபோல் இறங்குவதில்லை. அபாயம் ஓரளவு கூடும், அவ்வளவே. மரபணு மூலம் நேரடியாக வருபவை அரிது. அவை பெரும்பாலும் 60 வயதுக்கு முன்பே தலைகாட்டிவிடும். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பதும், நாள்தோறும் அரைமணி நேரம் நடப்பதும், அந்தக் கூடுதல் அபாயத்துக்கு எதிராகத் தங்கள் கையிலிருக்கும் வழிகள்.

ஓய்வைப் பற்றியும் ஒன்று கேட்க விரும்புகிறேன். காலையில் இருப்பைச் சரிபார்த்து, மாலையில் ஒரு ரூபாய் பிசகினாலும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்த மனிதருக்கு, இன்று செவ்வாய்க்கும் புதனுக்கும் வேறுபாடே இல்லாத நாட்கள் அமைந்திருக்கின்றனவா? தூக்கம் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால், முதுமையில் மனச்சோர்வும் மறதி வேடத்தில் வரும் என்பதால், அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பழகிய தெருவில் வழி தவறுவது, அரைமணிக்குள் அதே கேள்வியைப் பலமுறை கேட்பது, கைவந்த கணக்கே தடுமாறுவது ஆகியவற்றை வீட்டார் கவனித்தால் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஓரிரு நாளில் திடீரெனக் குழப்பம் வந்தாலோ, தலையில் அடிபட்டுச் சில வாரங்களில் மந்தம் தெரிந்தாலோ காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனை செல்லுங்கள்.

பரிசோதனைக்குத் தனியே போகாமல் மனைவியை அழைத்துச் செல்லுங்கள். தாங்கள் மறந்ததைத் தாங்களே சொல்ல முடியாது, அவர் சொல்வார். மகனிடம் காது விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லி, இனி முகம் தெரியும்படி வீடியோ அழைப்பில், நிதானமாகப் பேசக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சொல்வதைத் தாங்கள் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு, பக்கத்தில் வைத்திருக்கும் நோட்டில் தேதியிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.