வெள்ளி கலந்த ஹைட்ரோஜெல் போட்டால் இனிப்புநீர்ப் புண் ஆறுமா?

அம்மாவின் பாதத்தில் இனிப்புநீர் (நீரிழிவு) புண், வெள்ளியின் மிக நுண்ணிய நானோ துகள் கலந்த ஹைட்ரோஜெல்லை, அதாவது நீர் நிறைந்த ஜெல்லை, ஆன்லைனில் வாங்கிப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். புண்ணை இன்னும் யாரிடமும் காட்டவில்லை என்றே தோன்றுகிறது. முதலில் காட்டுங்கள்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்த ஜெல்லை என் கையாலேயே செய்திருக்கிறேன், வேதியியல் இறுதியாண்டில் அதுதான் என் புராஜெக்ட். பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் அல்ஜினேட்டில் வெள்ளித் துகளைக் கலந்து கால்சியம் உப்புக் கரைசலில் விட்டால், கால்சியம் அயனி இழைகளைச் சேர்த்துப் பிடித்து, தீபாவளிக்குச் செய்யும் அகார் அகார் மாதிரி உறைந்துவிடும். துகளிலிருந்து வெள்ளி அயனி கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து கிருமியின் சவ்வையும் புரதத்தையும் தாக்கும். கிருமி பரப்பிய தட்டில் அந்த ஜெல்லில் ஒரு வில்லை வைத்தேன். மறுநாள் தட்டு முழுக்க மங்கல், வில்லையைச் சுற்றி மட்டும் கண்ணாடி மாதிரி தெளிந்த வளையம். அதைப் படம் எடுத்து மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருந்த அப்பாவுக்கு அனுப்பினேன், செம்பனைத் தோட்டத்தில் எல்லோரிடமும் காட்டினாராம்.

அடுத்த வருடம் குலை வெட்டப் போன இடத்தில் அப்பாவின் காலில் செம்பனை முள் ஏறியது. இனிப்புநீரில் கால் மரத்துப்போயிருந்ததால் மூன்று நாள் அவருக்கே தெரியவில்லை. நான் அந்த வளையத்தை நம்பி ஜெல் வாங்கி இரண்டு வாரம் போட்டேன். வாடை வந்த பிறகுதான் கிளினிக்குக் கூட்டிப்போனேன். மிஸ்ஸி (நர்ஸ்) கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, ஜெல்லு போட்டீங்க சரி, செத்த சதையை யாரு எடுக்கிறது? அப்பா இந்தக் காலை ஊனித்தானே நடக்கிறாரு?" என்றார். கடைசியில் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

தட்டில் கிருமி திறந்து கிடக்கும். பழைய புண்ணில் அது வழவழப்பான படலம் கட்டி உள்ளே ஒளிந்திருக்கும், வெள்ளி அங்கே எளிதில் போகாது. புண்ணில் ஊறும் நீரிலுள்ள புரதமும் குளோரைடும் வெள்ளி அயனியைப் பிடித்துக்கொள்ளும். நான் வேறு தினமும் சலைன் (உப்புநீர்) ஊற்றிக் கழுவினேன், அதிலிருப்பதும் குளோரைடுதான். வேதியியல் படித்த எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

வெள்ளி வீண் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொண்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தீப்புண்ணுக்கு வெள்ளி சல்ஃபாடயசின் 1960களின் கடைசியிலிருந்து இருக்கிறது. ஆனால் இனிப்புநீர்ப் பாதப் புண்ணை ஆற்றுவதற்கென்று கிருமிநாசினிக் கட்டுகளைப் பயன்படுத்த வேண்டாம் என்றுதான் சர்வதேச நீரிழிவுப் பாதப் பணிக்குழுவின் 2023 வழிகாட்டுதல் சொல்கிறது. செத்த சதையை எடுப்பது, காலில் பாரம் விழாமல் பார்ப்பது, ரத்த ஓட்டம், சர்க்கரை, இதெல்லாம் சரியாக இல்லாமல் எந்த ஜெல்லும் ஒன்றும் செய்யாது.

இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும். முன்பு தோட்டத்து டிரெஸ்ஸர், அதாவது மருத்துவ உதவியாளர், காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்கே வந்து காயம் பார்ப்பார். தோட்டம் கைமாறியதும் டிஸ்பென்சரியை மூடிவிட்டார்கள், இப்போது அந்த அறையில் உர மூட்டை அடுக்கியிருக்கிறது. அவர் இருந்திருந்தால் முள் ஏறிய அன்றே பார்த்திருப்பார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

அம்மாவின் பாதத்தை இன்று இரவே விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள், விரல் இடுக்கு உட்பட. வாடையோ கறுப்போ சிவப்போ இருந்தால் நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.